ஓடாத வீடியோவை அவசரப்பட்டு அழிக்காதீர்கள்!

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருக்குக் கல்யாணம் நடந்தது 2008-ல். வீடியோவை ஸ்டுடியோக்காரர் இரண்டு டிவிடிகளில் போட்டுக் கொடுத்தார். வீட்டு டிவிடி பிளேயர் பழுதானதும் அந்த டிவிடிகள் பீரோவுக்குள் போய்விட்டன. போன வருடம் அவருடைய அப்பா காலமானார். போட்டோக்கள் நிறைய இருக்கின்றன; அப்பாவின் குரல் மட்டும் எதிலும் இல்லை. சடங்கெல்லாம் முடிந்ததும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா நாலு வார்த்தை பேசியது இரண்டாவது டிவிடியில் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததாம்.

மகனுடைய லேப்டாப்பில் டிவிடி போட இடமே இல்லை. யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கினார்கள். டிஸ்க்கைப் போட்டால், ‘இதை இயக்க முடியவில்லை’ என்ற ரீதியில் ஒரு செய்தி. மகன் இணையத்தில் தேடி, ‘கோடெக் பேக்’ என்று கிடைத்த எதையோ இன்ஸ்டால் செய்தான். வீடியோ ஓடவில்லை. பிரவுசரைத் திறந்தால் விளம்பரமாகக் கொட்ட ஆரம்பித்ததுதான் மிச்சம். ஒரு கடையில் காட்டியதற்கு, “டிஸ்க் போயிடுச்சும்மா, ஒண்ணும் செய்ய முடியாது” என்று சொல்லிவிட்டார்களாம். ‘தூக்கிப் போட்டுவிடலாமா?’ என்பது அவருடைய கேள்வி.

வேண்டாம். மீடியா பிளேயர் ‘முடியவில்லை’ என்று சொன்னால், அதனால் முடியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஃபைல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபைல் கெட்டிருந்தாலும், பிளேயருக்கு அதைப் படிக்கத் தெரியாவிட்டாலும், பிளேயரே பழுதாகியிருந்தாலும், பல நேரங்களில் ஏறக்குறைய ஒரே செய்திதான் வரும். எனவே கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் அழிக்காதீர்கள், எதையும் புதிதாக இன்ஸ்டால் செய்யாதீர்கள். இந்த வாரம் அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பார்ப்போம்.

டியூப்லைட் வைத்தியம்

வீட்டில் பழைய டியூப்லைட் எரியவில்லையென்றால் என்ன செய்வோம்? அடுத்த அறையில் எரிகிற விளக்கின் ஸ்டார்ட்டரைக் கழற்றி இதில் மாட்டிப் பார்ப்போம். எரிந்தால் ஸ்டார்ட்டர் கோளாறு. எரியாவிட்டால் டியூப்பை மாற்றிப் பார்ப்போம். கம்ப்யூட்டருக்கும் அதே வைத்தியம்தான். இரண்டு சோதனைகள் போதும்.

முதல் சோதனை: அதே பிளேயரில் வேறு ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது சோதனை: ஓடாத வீடியோவை வேறு ஒரு பிளேயரிலோ செல்போனிலோ டிவியிலோ ஓட்டிப் பாருங்கள். இவற்றிலிருந்து நான்கு முடிவுகளில் ஒன்று கிடைக்கும்.

ஒன்று: மற்ற வீடியோக்கள் ஓடுகின்றன, இது மட்டும் எங்கே போட்டாலும் ஓடவில்லை. கோளாறு ஃபைலில் அல்லது டிஸ்க்கில்.

இரண்டு: மற்றவை இந்த பிளேயரில் ஓடுகின்றன, இந்த வீடியோவும் வேறு இடத்தில் ஓடுகிறது. இரண்டுமே நல்லவைதான், இந்த பிளேயருக்கு இந்த வகை வீடியோவைப் படிக்கத் தெரியவில்லை.

மூன்று: இந்த பிளேயரில் எதுவுமே ஓடவில்லை, அதே கம்ப்யூட்டரில் இன்னொரு பிளேயரில் எல்லாம் ஓடுகிறது. கோளாறு பிளேயரில்.

நான்கு: எந்த பிளேயரிலும் எதுவும் ஒழுங்காக ஓடவில்லை. கோளாறு கம்ப்யூட்டரில், ஸ்பீக்கர் செட்டிங்காக இருக்கலாம், திரையைக் கவனிக்கும் டிரைவராக இருக்கலாம்.

நம் வாசகியை இந்தச் சோதனைகளைச் செய்யச் சொன்னேன். லேப்டாப்பில் மற்ற வீடியோக்கள் நன்றாக ஓடின. பக்கத்து வீட்டில் இன்னும் உயிரோடு இருந்த டிவிடி பிளேயரில் போட்டுப் பார்த்தார். முதல் டிஸ்க் முழுதாக ஓடியது. இரண்டாவது டிஸ்க் பாதிக்கு மேல் போய் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. ஆக, லேப்டாப் காட்டிய ஒரே செய்திக்குப் பின்னால் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருந்தன. முதல் டிஸ்க்கில் எந்தக் குறையும் இல்லை. லேப்டாப்புக்கு டிவிடியைப் படிக்கத் தெரியவில்லை. இரண்டாவது டிஸ்க்கில் மட்டும் கொஞ்சம் சேதம்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீரகம்

படிக்கத் தெரியவில்லை என்றால் என்ன? நம் சமையலறை அலமாரியைப் பாருங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீரகம் இருக்கும். பிஸ்கட் டப்பாவில் வற்றல் இருக்கும். லேபிளைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. வீடியோ ஃபைலும் அப்படித்தான்.

ஃபைல் பெயரின் கடைசியில் வரும் எம்பி4, ஏவிஐ, எம்கேவி எல்லாம் டப்பாவின் லேபிள்கள். உள்ளே படமும் ஒலியும் தனித்தனியாக, இடத்தை அடைக்காதபடி சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். சுருக்கவும் மறுபடி விரிக்கவும் தெரிந்த புரோகிராமின் பெயர்தான் கோடெக். ஒரே எம்பி4 லேபிளின் கீழ் ஹெச்.264 என்ற முறையில் சுருக்கிய படமும் இருக்கலாம், ஹெச்இவிசி என்ற புதிய முறையில் சுருக்கிய படமும் இருக்கலாம். உங்கள் பிளேயருக்கு முதல் வகை தெரிந்து, இரண்டாவது வகை தெரியாமல் இருந்தால், ஒரு எம்பி4 ஓடும், இன்னொரு எம்பி4 ஓடாது.

அதனால்தான், ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றி எழுதினால் வீடியோ ஓடாது. லேபிளைக் கிழித்து வேறு லேபிள் ஒட்டினால் சீரகம் மிளகாகுமா?

இந்தக் குழப்பம் இப்போது அதிகம் வருவது செல்போன் வீடியோக்களில். ஐபோன்கள் 2017 முதல் ஹெச்இவிசி முறையில் படம் பிடிக்கின்றன. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இந்த வசதி உண்டு. பேரன் பிறந்தநாள் வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினால் குரல் கேட்கும், படம் கறுப்பாக இருக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார்கள். அதற்குள் போனில் இருந்ததையும் இடம் போதவில்லை என்று அழித்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் முழுதாக ஓட்டிப் பார்க்கும் வரை போனில் இருப்பதைத் தொடாதீர்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் ‘செட்டிங்ஸ்’ போய், ‘கேமரா’, அதில் ‘ஃபார்மட்ஸ்’ திறந்து, ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், இனி எடுக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். ஃபைல் மட்டும் சற்றுப் பெரிதாக இருக்கும்.

பழைய டிவிடி, புதிய விண்டோஸ்

டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய படம். விண்டோஸ் 7-ன் ஹோம் பிரீமியம் முதலான பதிப்புகளில் டிவிடியைப் படிக்கும் வசதி கூடவே வந்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் மீடியா பிளேயர்களும் டிவிடி படத்தைத் தாமாக ஓட்டுவதில்லை. பழைய கம்ப்யூட்டரில் ஓடிய டிஸ்க் புதியதில் ஓடாததற்குக் காரணம் இதுதான்.

தீர்வு எளிது. விஎல்சி மீடியா பிளேயர். ஆரஞ்சும் வெள்ளையுமாக, சாலையில் வைக்கும் கூம்பு அதன் அடையாளம். பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள், விடுதிக்கு நெட்வொர்க் வழியாக வீடியோ அனுப்புவதற்காக 1996-ல் தொடங்கிய வேலை இது. 2001-ல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றி அமைக்கலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். இதன் சிறப்பு, பெரும்பாலான கோடெக்குகளைத் தனக்குள்ளேயே வைத்திருப்பது. டிவிடியும் பழைய விசிடியும் செல்போனின் ஹெச்இவிசியும் தனியாக எதையும் சேர்க்காமல் இதில் ஓடும்.

ஒரு எச்சரிக்கை. வீடியோலேன் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். தேடலில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அதே பெயரில் வேறு சரக்கைத் தலையில் கட்டுகிற தளங்களும் உண்டு. உண்மையான விஎல்சிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. யாராவது கேட்டால் அது அசல் அல்ல.

விஎல்சியில் வீடியோவைத் திறந்துவிட்டு, ‘டூல்ஸ்’ மெனுவில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ என்பதைக் கிளிக் செய்தால், டப்பாவுக்குள் இருக்கும் சரக்கு என்ன என்று தெரிந்துவிடும். யாரிடமாவது உதவி கேட்கும்போது, ‘எம்பி4 ஓடவில்லை’ என்பதைவிட, இங்கே தெரியும் பெயரைச் சொன்னால் சரியான பதில் கிடைக்கும்.

கோடெக் பேக் என்ற தூண்டில்

‘இந்த வீடியோவைப் பார்க்க இந்த கோடெக்கை இன்ஸ்டால் செய்யவும்’ என்று ஒரு தளம் சொன்னால், உடனே அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். இது பழைய தூண்டில். 2006 வாக்கிலேயே ‘ஸ்லாப்’ என்ற தீங்கு புரோகிராம், வீடியோ கோடெக் வேஷத்தில்தான் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தது. இன்றும் அதே வேஷம் பலிக்கக் காரணம், வீடியோவைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற நம் அவசரம்.

ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்டால் பதற வேண்டாம். ‘செட்டிங்ஸ்’ போய் ‘ஆப்ஸ்’ பட்டியலைத் தேதி வரிசையில் பாருங்கள். அன்றைய தேதியில் உள்ளே வந்த, நீங்கள் கேட்காத புரோகிராம்களை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பட்டியலிலும் புதிதாக இருப்பதை நீக்குங்கள். பிறகு ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ பகுதியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ கிளிக் செய்து, ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதனை நடக்கும், ஒளிந்திருப்பதும் அகப்படும். வாசகியின் மகன் செய்த தவறு இப்படித்தான் சரியானது. பையனைத் திட்டாதீர்கள் என்றும் எழுதினேன். அம்மாவுக்காகத்தானே தேடினான்!

பிளேயரே மக்கர் செய்தால்

மேலே சொன்ன மூன்றாவது முடிவு உங்களுடையது என்றால், பிளேயரைக் கவனிக்க வேண்டும்.

விண்டோஸ் மீடியா பிளேயர் ‘சர்வர் எக்ஸிக்யூஷன் ஃபெயில்டு’ என்று சொன்னால், முன்பு திறந்த பிளேயர் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ வரும். அதில் மீடியா பிளேயரின் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். பிறகு திறந்து பாருங்கள்.

அப்படியும் வழிக்கு வராவிட்டால், ஸ்டார்ட் மெனுவில் ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ என்று தேடித் திறந்து, ‘மீடியா ஃபீச்சர்ஸ்’ என்பதன் கீழே இருக்கும் விண்டோஸ் மீடியா பிளேயரின் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். மறுபடி அங்கேயே போய் டிக் போட்டு இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்தால், பிளேயர் புதிதாக அமைந்துவிடும். விண்டோஸ் 11-ன் புதிய மீடியா பிளேயர் என்றால், ஆப்ஸ் பட்டியலில் அதன் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் முதலில் ‘ரிப்பேர்’, பிறகுதான் ‘ரீசெட்’. இவை எதிலும் உங்கள் பாட்டோ வீடியோவோ அழியாது. பிளேயர் வைத்திருக்கும் பட்டியல் வேறு, ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் பாட்டு வேறு.

விஎல்சியில் எதையாவது மாற்றி வைத்துக் குழப்பிக்கொண்டால், ‘டூல்ஸ்’, ‘பிரிஃபரன்சஸ்’ திறந்து, அடியில் இருக்கும் ‘ரீசெட் பிரிஃபரன்சஸ்’ பட்டனை அழுத்துங்கள். வாங்கிய அன்று இருந்த நிலைக்குத் திரும்பிவிடும்.

படம் இருக்கு, குரல் இல்லை. குரல் இருக்கு, படம் இல்லை

குரல் வரவில்லையென்றால், முதலில் திரையின் வலது மூலையில் ஸ்பீக்கர் படத்தைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ ஒயரில் டிவியை இணைத்திருந்தால், ஒலியை டிவிக்கு அனுப்பிவிட்டு லேப்டாப் ஊமையாக இருக்கும். அந்தப் படத்தைக் கிளிக் செய்து, ஒலி போக வேண்டிய இடத்தை மாற்றுங்கள். ரைட் கிளிக் செய்து ‘வால்யூம் மிக்ஸர்’ திறந்தால், அந்த பிளேயருக்கு மட்டும் ஒலி குறைந்திருக்கிறதா என்று தெரியும். விஎல்சியில் கைதவறி எம் என்ற எழுத்தை அழுத்தினாலே ஒலி நின்றுவிடும். இன்னொரு முறை அழுத்தினால் திரும்பி வரும். ‘ஆடியோ’ மெனுவில் ‘ஆடியோ டிராக்’ என்பது ‘டிஸேபிள்’ என்றிருந்தாலும் குரல் வராது.

ஆள் பேசி முடித்த பிறகு குரல் வருகிறதா? விஎல்சியில் ஜே, கே என்ற இரண்டு எழுத்துகள் போதும். ஒன்று ஒலியை முன்னே நகர்த்தும், மற்றது பின்னே தள்ளும். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நகரும். உதடும் குரலும் பொருந்தும் வரை அழுத்திப் பாருங்கள். ஃபைலில் எந்த மாற்றமும் ஆகாது.

விஎல்சியிலேயே குரல் வந்து படம் கறுப்பாகவோ பச்சையாகவோ கோடு கோடாகவோ தெரிந்தால், பெரும்பாலும் திரையைக் கவனிக்கும் கிராஃபிக்ஸ் பகுதிக்கும் பிளேயருக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். ‘டூல்ஸ்’, ‘பிரிஃபரன்சஸ்’ திறந்து, ‘இன்புட் / கோடெக்ஸ்’ பகுதியில் ‘ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டீகோடிங்’ என்பதை ‘டிஸேபிள்’ ஆக்குங்கள். ‘சேவ்’ கொடுத்து, பிளேயரை மூடித் திறங்கள். படம் வந்தால், நேரம் கிடைக்கும்போது கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்துவிடுங்கள்.

பாதியில் நின்ற ஃபைல்

சில சமயம் கோளாறு நிஜமாகவே ஃபைலில்தான் இருக்கும். பென் டிரைவில் காப்பி முடியும் முன்பே பிடுங்கியது முக்கியமான காரணம். திரையில் காப்பி முடிந்த மாதிரி தெரிந்தாலும், பென் டிரைவுக்குள் எழுதுவது பாக்கி இருக்கலாம். ‘எஜெக்ட்’ கொடுத்துவிட்டு எடுப்பது அதற்காகத்தான். சந்தேகம் வந்தால் அசல் ஃபைலையும் நகலையும் ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். இரண்டின் அளவும் கடைசி எண் வரை ஒன்றாக இருக்க வேண்டும்.

பழைய ஏவிஐ ஃபைலைத் திறக்கும்போது, இண்டெக்ஸ் கெட்டிருப்பதாக விஎல்சி சொல்லலாம். புத்தகத்தின் பொருளடக்கப் பக்கம் கிழிந்த மாதிரிதான் இது. பாடங்கள் உள்ளே இருக்கின்றன. ‘பில்ட் இண்டெக்ஸ் தென் பிளே’ என்பதைக் கொடுத்தால், புதிதாகப் பொருளடக்கம் தயாரித்துக்கொண்டு ஓட்டும். அசல் ஃபைலைத் தொடாது.

கேமராவில் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோனால், எம்பி4 ஃபைல் பெரிய அளவில் இருக்கும், ஆனால் எந்த பிளேயரும் திறக்காது. பல கேமராக்கள் எம்பி4-ன் பொருளடக்கத்தைக் கடைசியில்தான் எழுதும். எழுதும் முன்பே கேமரா அணைந்துவிட்டது. இதையும் அழிக்காதீர்கள். அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த வேறு நல்ல வீடியோ ஒன்று இருந்தால், அதை மாதிரியாக வைத்துப் பழுது பார்க்கும் ‘அன்ட்ரங்க்’ போன்ற இலவசப் புரோகிராம்கள் உண்டு. கம்ப்யூட்டர் பழக்கம் உள்ள ஒருவரிடம், நகலை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

டிஸ்க்கைக் காப்பாற்றும் முறை

இனி வாசகியின் இரண்டாவது டிஸ்க்குக்கு வருவோம். இந்தப் பகுதியைக் கல்யாண விசிடி, டிவிடி வைத்திருக்கும் எல்லோரும் படியுங்கள்.

டிஸ்க்கில் பதிவு நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்தை நோக்கிப் போகும். படத்தின் பின்பகுதி வெளி ஓரத்தில் இருக்கும். நாம் விரலால் பிடிப்பதும் அந்த ஓரத்தைத்தான். அதனால்தான் பல டிஸ்க்குகள் முதலில் நன்றாக ஓடி, கடைசியில் திக்குகின்றன. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் பதிவு போகும் திசையிலேயே நீளும். அதைத் தாண்டிப் படிப்பது டிரைவுக்குக் கஷ்டம். விசிடியில் பதிவுப் படலம், பெயர் எழுதும் மேல் பக்கத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. எனவே மேல் பக்கத்தில் பால் பாயின்ட் பேனாவால் எழுதுவதும், ஒட்டிய ஸ்டிக்கரை உரிப்பதும் அடிப்பக்கக் கீறலைவிட ஆபத்து.

துடைத்த பிறகும் நின்றால், வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்க முடியாததை இன்னொன்று படிப்பது சாதாரணமாக நடக்கும். ஓடினால், பார்த்துக்கொண்டே உட்காராதீர்கள். முதல் வேலை, ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுப்பது.

டிவிடியைத் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் படம் விஓபி என்ற ஃபைல்களாக, ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஒரு ஜிபியாகத் துண்டு போடப்பட்டிருக்கும். பலர் முதல் துண்டை மட்டும் காப்பி செய்துவிட்டு, ‘இருபது நிமிடத்தோடு படம் நின்றுவிடுகிறது’ என்பார்கள். ஃபோல்டரை முழுதாக காப்பி செய்யுங்கள். விசிடி என்றால் ‘எம்பெக் ஏவி’ ஃபோல்டரில் இருக்கும் டாட் ஃபைல்களை எடுக்க வேண்டும். இரண்டையும் விஎல்சி நேரடியாக ஓட்டும்.

நடுவில் படிக்க முடியாத இடம் வந்தால், விண்டோஸ் காப்பி வேலையையே நிறுத்திவிடும். ‘அன்ஸ்டாப்பபிள் காப்பியர்’ போன்ற இலவசப் புரோகிராம்கள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று, முடியாததை விட்டுவிட்டு மீதியை எடுத்துவிடும். சில மணி நேரம்கூட ஆகலாம். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

அப்பா பேசினார்

வாசகி முதல் டிஸ்க்கை விஎல்சியில் போட்ட உடனே ஓடியது. இரண்டாவது டிஸ்க்கைத் துடைத்து, உறவினர் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் போட்டு, ராத்திரி முழுக்க காப்பி எடுத்தார்கள். பந்தியில் சாப்பிடும் காட்சியில் சில நிமிடங்கள் போய்விட்டன. அப்பா பேசும் இடத்தில் படம் சற்று நேரம் கட்டம் கட்டமாக உடைகிறது. குரல் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் இருக்கிறதாம். ‘எங்கப்பா சிரிச்சுக்கிட்டே தொண்டையைச் செருமுவாரு. அதுகூட அப்படியே இருக்கு சார்’ என்று எழுதியிருந்தார்.

அந்தக் குரலை மட்டும் தனியாக எடுக்கும் வழியையும் கேட்டார். விஎல்சியில் ‘மீடியா’ மெனு, ‘கன்வெர்ட் / சேவ்’. ‘ஆட்’ கொடுத்து வீடியோ ஃபைலைத் தேர்ந்தெடுத்து, அடியில் ‘கன்வெர்ட் / சேவ்’ அழுத்துங்கள். ‘புரொஃபைல்’ பட்டியலில் ‘ஆடியோ - எம்பி3’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘டெஸ்டினேஷன் ஃபைல்’ இடத்தில் கண்டிப்பாகப் புதிய பெயர் கொடுங்கள். அசலின் பெயரையே கொடுத்தால் அசல் அழிந்துவிடும். ‘ஸ்டார்ட்’ கொடுத்தால் சிறிது நேரத்தில் எம்பி3 தயாராகிவிடும். செல்போனிலேயே கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. இந்த வாரம் பீரோவைத் திறந்து உங்கள் வீட்டு விசிடி, டிவிடிகளை வெளியே எடுங்கள். ஸ்டுடியோவில் எழுதித் தரும் டிஸ்க்குகளில் பதிவு ஒரு சாயப் படலத்தில்தான் இருக்கிறது. வெயிலும் வெப்பமும் அதை மெல்ல மெல்ல அழித்துக்கொண்டிருக்கும். டிரைவ் உள்ள கம்ப்யூட்டர்களும் குறைந்துகொண்டே வருகின்றன. இன்றைக்கு ஓடுகிற டிஸ்க்கை இன்றைக்கே காப்பி செய்யுங்கள். ஒரு நகல் கம்ப்யூட்டரில், ஒன்று வெளி ஹார்டு டிஸ்க்கில், இன்னொன்று அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். நகலைக் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்த்த பிறகும், அசல் டிஸ்க்கை எறிந்துவிடாமல் திரும்ப பீரோவிலேயே வையுங்கள்.